காணக் கிடைக்காத முள்ளம்பன்றி

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கணியம்பாடி வரையில் சென்று, அங்கே பிரியும் கிளைச்சாலையில் வயல்களையும் தோப்புகளையும் கடந்து போவோமானால், ஜவ்வாது மலைத்தொடர் முதலில் நீலப் படலமாகத் தோன்றி, பிறகு பசுமை படர்ந்த நெடுஞ்சுவராக உயர்ந்து, இறுதியில் சரிவிலுள்ள மரங்களைத் தனித்தனியே எண்ணிவிடலாம் என்னும்படியான அண்மையில் வந்து நிற்கும். அந்த அடிவாரத்தில், காட்டாறு பாறைகளினூடே இறங்கிவரும் இடத்தில், வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அமிர்தி. 1967-ஆம் ஆண்டில் அங்கே வனத்துறையார் ஓர் உயிரியல் பூங்காவை அமைத்தார்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 25 ஹெக்டேர்தான். சிங்கம், புலி, யானை என்று சிறுவர் மனத்தைக் கொள்ளைகொள்ளும் பெரும் பிராணிகளைத் தேடிப் போகிறவர்களுக்கு அது ஏற்ற இடமன்று. புள்ளிமான், முதலை, மயில், நரி, முள்ளம்பன்றி, கிளி முதலிய, நம் நாட்டுக் காட்டோரத்தில் நம்மோடு அயலார்போல் வாழ்ந்துவரும் ஜீவன்களே அங்கே பிரதானம்.

என் தங்கையின் பேத்தி, எட்டு வயதுக் குழந்தை, கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முள்ளம்பன்றி தன் முட்களை அம்புபோல எய்யுமாமே, அது உண்மையா என்று ஒரு வாரகாலம் என்னைத் துளைத்தெடுத்தாள். எய்வதில்லை, பகைவன் நெருங்கினால் முட்களைச் சிலிர்த்துக் கலகலவென்று ஓசையெழுப்பி எச்சரிக்கும், அதற்கும் அடங்காதவன்மீது பின்புறமாகப் பாய்ந்து குத்தும், அப்போது சில முட்கள் கழன்று அவனுடம்பில் தங்கிவிடுவதால்தான் எய்கிறது என்னும் கதை பிறந்தது என்று நான் விளக்கிச் சொன்னதில் அவளுக்குத் திருப்தி உண்டாகவில்லை. பிரத்தியட்சமாகப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்றாள். ஆகவே ஒரு நாள் காலையில் அவளை அழைத்துக்கொண்டு அமிர்திக்குப் போனேன்.

முள்ளம்பன்றியின் அடைப்பிடத்தருகே நாங்கள் சென்றபோது முற்பகல் பதினொரு மணி இருக்கலாம். மண்தரையும், சில கற்களும், நிழலில் ஒரு வளைவாயிலும் தெரிந்தனவேயன்றி முள்ளம்பன்றி தென்படவில்லை. எங்களுக்கு முன்பே வந்து நின்ற ஒரு குடும்பத்தார் சிறிது நேரம் காத்திருந்து பார்த்தார்கள். அவர்களுள் ஒருவர் கைதட்டினார், இன்னொருவர் சீழ்க்கையடித்தார், ஒரு பையன் குனிந்து சிறு கல்லொன்றைக் கையிலெடுத்தான். அப்போது அவ்வழியே வந்த காப்பாளர் ஒருவர் பையனுடைய கையைப் பிடித்து, கோபமேயில்லாத குரலில், "வேணாம் தம்பி, ராத்திரியெல்லாம் முழிச்சிருந்துட்டு இப்பத்தான் தூங்குது. உன்னை நடுராத்திரியில கல்லால அடிச்சு எழுப்பினா நீ சும்மா இருப்பியா?" என்றார். பையன் வெட்கப்பட்டுக் கல்லைக் கீழே போட்டுவிட்டான். அக்குடும்பத்தார், 'பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை' என்று சொல்லிக்கொண்டே அகன்றார்கள்.

பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்னும் அந்த வாசகம் என் மனத்தைவிட்டு அகலவில்லை. வீடு திரும்பிய பிறகும், அதற்குப் பின் பல நாட்களும், அதையே நான் சிந்தித்துக்கொண்டிருந்தேன். காட்சிசாலையில் அடைபட்ட ஒரு பிராணிக்கு நாம் செய்யக்கூடிய உபகாரங்களுள் எல்லாவற்றிலும் முதன்மையானது, விரும்பாத வேளையில் நம் கண்ணில் படாமலிருப்பதற்கு அதற்கு இடமளிப்பதே என்னும் முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். நண்பர்கள் பலருக்கு இது விபரீதமாகத் தோன்றலாம். காண்பதற்காகவே கட்டப்பட்ட இடத்தில் காணப்படாமலிருக்கும் உரிமையா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியை நானே என்னிடம் பலமுறை கேட்டுப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன்.

நான் சிறுவனாயிருந்தபோது என் தந்தையார் என்னை ஒரு நகரத்துக் காட்சிசாலைக்கு அழைத்துச் சென்றார். எந்த நகரம் என்பது இங்கே முக்கியமன்று. அக்காலத்தில் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. இரும்புக் கம்பிகளுக்கு உள்ளே சிமெண்டுத் தரைமீது ஒரு சிறுத்தை நடந்துகொண்டிருந்தது. இடமிருந்து வலமாக ஏழு அடி, சுவரோரத்தில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒரு திருப்பம், வலமிருந்து இடமாக ஏழு அடி, மீண்டும் அதே திருப்பம். ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் தோள் சுவரில் உராய்ந்த இடம் எண்ணெய் தடவியதுபோல வழவழப்பேறிப் பளபளத்தது. நான் அதன் கண்களைப் பார்க்க முயன்றேன். அது என்னையோ வேறெவரையுமோ பார்க்கவேயில்லை. "பசி போலிருக்கிறது" என்றார் தந்தையார். மாலையில் திரும்பி அவ்வழியே வந்தபோது, அது உண்ட இறைச்சியின் எலும்பு ஒரு மூலையில் கிடக்க, சிறுத்தை அதே ஏழு அடியை நடந்துகொண்டிருந்தது. பசியன்று என்பது அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னவென்பது தெரிய முப்பது வருஷங்கள் ஆயின.

பயனொன்றுமில்லாத ஒரே செய்கையை மாற்றமின்றித் திரும்பத் திரும்பச் செய்யும் இந்த நிலையைப் பிராணி சாஸ்திரிகள் சிறைவாழ்வு விளைவிக்கும் மனக்கோளாறின் அடையாளமாகக் கருதுகிறார்கள். சிறுத்தைக்கு நடை, கரடிக்குத் தலையாட்டல், கட்டப்பட்ட யானைக்கு உடலை இருபுறமும் அசைத்தல். அந்த யானையைப் பார்த்து அது மகிழ்ச்சியாக ஆடுகிறது என்று குழந்தைகளுக்குச் சொல்லிவந்திருக்கிறோம்! 2003-ஆம் ஆண்டில் ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், சிறைவாழ்வில் பல ஊனுண்ணிகள் எவ்வாறு இருக்கின்றன என்பதைத் தொகுத்து ஆராய்ந்து, 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இயற்கையில் எந்தப் பிராணி மிகுந்த தூரம் சஞ்சரிக்கிறதோ அதுவே கூண்டில் மிகுதியாக இவ்விதம் நடைபோடுகிறது என்பதும், அதன் குட்டிகளே மிகுதியாக இறக்கின்றன என்பதும் அவர்கள் கண்ட முடிவு. துருவக் கரடிக்குக் காட்சிசாலைகளில் வழக்கமாகக் கொடுக்கப்படும் இடம், அது இயற்கையில் கொள்ளும் குறைந்தபட்ச எல்லையின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆக, எல்லாப் பிராணிகளும் ஒரே அளவில் துன்புறுவதில்லை. சில ஜாதிகள் நம்மிடம் இருக்கவே தகாதவை, சில ஜாதிகளைத் தகுந்த முறையில் வைத்தால் அவை நன்றாகவே வாழும்.

நம் நாட்டிலும் இவ்வெண்ணம் உத்தரவாயிற்று என்பது பலருக்கு நினைவிராது. 1992-இல் தோன்றிய மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், 2009-ஆம் ஆண்டில், உயிரியல் பூங்காக்களில் யானைகளை வைத்திருக்கலாகாது, அவற்றை வனத்துறை முகாம்களுக்கும் சரணாலயங்களுக்கும் அனுப்பிவிடவேண்டும் என்று உத்தரவிட்டது. உத்தரவு முழுவதும் நிறைவேறிற்றா என்பது வேறு விஷயம். குழந்தைகள் முதலில் கேட்கும் பிராணியையே, அதன் சுபாவத்துக்கு நம் இடம் போதாது என்று வெளியேற்றத் துணிந்த அந்த மனப்போக்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

சென்னையின் கதை இவ்விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல பாடப்புத்தகம். 1855-இல், அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்வர்டு பால்ஃபர் என்னும் மருத்துவர், எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிருள்ள பிராணிகளையும் வைக்கத் தொடங்கினார். கர்நாடக நவாபு தம்மிடமிருந்த பிராணிகளை அவருக்குக் கொடுத்துதவினார். பாடம் செய்த பறவையையும் கல்லான எலும்பையும் பார்க்க வராத ஜனங்கள் உயிருள்ள புலியைப் பார்க்கத் திரண்டு வந்தார்கள். 1861-இல் அக்காட்சிசாலை பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. பின்னாளில் மூர் மார்க்கெட்டும் ரிப்பன் கட்டடமும் எழுந்த அப்பகுதியில், மத்திய ரயில் நிலையத்தின் இரைச்சலுக்கு அருகே, நூறாண்டுகளுக்கு மேலாக அது இருந்துவந்தது. ஊரிலிருந்து பட்டணம் பார்க்க வருகிறவர்கள் 'உயிர்க் காலேஜ்' பார்த்துவிட்டுப் போவது அக்காலத்து வழக்கம்; செத்த காலேஜ் என்பது அருங்காட்சியகம். சாதாரண ஜனங்கள் இட்ட இந்த இரண்டு பெயர்களிலும் எத்தனை கூர்மையான அறிவு இருக்கிறது! ஒன்றில் செத்ததையும் மற்றொன்றில் உயிருள்ளதையும் ஒரே மாதிரியாகத்தான் அடுக்கி வைத்திருந்தார்கள்: சட்டகத்துக்குள் ஒரு பொருள், அதன்மேல் ஒரு பெயர்ப்பலகை, எதிரே பார்ப்பவன்.

1970-களில் வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டு, 1985 ஜூலை 24 அன்று அப்போது முதலமைச்சராயிருந்த எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்து வைத்தார். இன்று அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். கம்பிக் கூண்டுக்குப் பதிலாக அகழியும், சிமெண்டுத் தரைக்குப் பதிலாகப் புல்லும் மரமும் வந்தன. சிங்கங்களுக்குத் தனியே ஒரு வனப்பகுதியை வளைத்து, ஜனங்களை வண்டியில் அடைத்து உள்ளே அனுப்பும் சஃபாரி முறையும் வந்தது. அடைபட்டவர்கள் நாம், உலாவுகிறது சிங்கம் என்னும் அந்தத் தலைகீழ் மாற்றத்தை முதன்முதலில் அநுபவித்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை நான் மறைக்கப்போவதில்லை.

ஆயினும் விசாலமான இடம் தந்துவிட்டதாலேயே பிராணிக்குச் சுகம் தந்துவிட்டோம் என்று எண்ணுவது அவசரம். கம்பிகளை நீக்கி அகழி வெட்டும் முறையை உலகுக்குக் காட்டியவர் ஹாம்பர்க் நகரத்துக் கார்ல் ஹாகன்பெக். அவர் 1907-இல் ஸ்டெல்லிங்கனில் திறந்த பூங்காவே இன்றைய திறந்தவெளிப் பூங்காக்களுக்கெல்லாம் முன்னோடி. அவர் தொழிலால் ஒரு பிராணி வியாபாரி, சர்க்கஸ் நடத்தியவர். அவருடைய அகழியும் செயற்கைக் குன்றும், மான் மேய்வதற்குப் பின்னால் சிங்கம் படுத்திருப்பதுபோல ஒரே பார்வையில் தோன்றச் செய்யும் சித்திர வேலைப்பாடுகள். அவற்றால் பெருத்த நன்மை பார்ப்பவன் கண்ணுக்குத்தான். சிங்கத்துக்கும் கொஞ்சம் நன்மை உண்டாயிற்று என்பதை மறுக்கவில்லை. கம்பியில்லாத சிறை கம்பியுள்ள சிறையைவிட மேலானது. ஆனால் நாற்புறமும் பள்ளமும், ஒளிந்துகொள்ள ஒரு புதருமில்லாத திடலும், மேலே நின்று குனிந்து பார்க்கும் ஜனத்திரளும் கொண்ட இடத்தில் ஒரு பிராணி என்ன நிம்மதியைக் காணும்?

இக்கேள்விக்கு விடை தேடியவர் ஹைனி ஹெடிகர் என்னும் சுவிஸ் அறிஞர். பெர்ன், பாசல், சூரிக் நகரங்களின் பூங்காக்களுக்கு அடுத்தடுத்துத் தலைவராயிருந்த அவர், சிறைப்பட்ட காட்டு விலங்குகளைப்பற்றி 1942-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு தப்பும் தூரம் உண்டு என்பது அவர் கண்ட தத்துவம். மனிதன் நூறடிக்கு அப்பால் நிற்கும்வரை மேய்ந்துகொண்டிருக்கும் மான், அவன் தொண்ணூறடிக்கு வந்ததும் தலைதூக்கும், எண்பதடிக்கு வந்ததும் ஓடும். அந்த எண்பதடி அதன் உயிருக்கு அரண். இருபதடிக் கூண்டில் அடைத்து ஐந்தடியில் நாம் போய் நின்றால், அந்த மான் ஒவ்வொரு கணமும் ஓடவேண்டும் என்னும் பதைப்போடு, ஓட இடமின்றி நிற்கிறது. தூரத்தைக் கொடுக்க முடியாதவன் மறைவையாவது கொடுக்கவேண்டும். ஒரு புதரின் பின்னால் ஐந்தடி, திறந்த வெளியில் ஐம்பதடிக்குச் சமம். ஆடுமாடு மேய்க்கும் எந்தக் கிராமத்துப் பையனுக்கும் தெரிந்த இந்த விஷயத்தைச் சாஸ்திரமாக்கிச் சொன்னதற்கு ஒரு பெரிய மனம் வேண்டியிருந்தது. அமிர்தியில் வளைக்குள் உறங்கிய முள்ளம்பன்றியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஹெடிகரின் நினைவு வருகிறது.

இனி, திறந்தவெளிப் பூங்காக்களைப்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்; அவற்றின்மீது எனக்குள்ள பிரியத்தினாலேயே இதைச் சொல்கிறேன். லண்டன் விலங்கியற் கழகத்தார் 1931-இல் விப்ஸ்னேட் என்னும் குன்றுப்புறத்தில் அமைத்ததும், அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்தார் 1972-இல் அமைத்ததும், ஆஸ்திரேலியாவின் டப்போவில் 1977-இல் அமைந்ததும் ஆகிய பெரும் பூங்காக்களில், மந்தையாக வாழும் குளம்புப் பிராணிகள் மந்தையாகவே வாழ்கின்றன. ஓடவும், பிரியவும், சேரவும், தலைமைக்குப் போட்டியிடவும் இடமிருக்கிறது. இந்தச் சமூக வாழ்வு எந்த நகரத்துக் கூண்டிலும் கிடைக்காத பாக்கியம். ஆனால் மந்தையில் எளியது வலியதற்கு அஞ்சும். ஒரே தொட்டியில் தீவனத்தைக் கொட்டினால் நூறு ஏக்கரிலும் கிழமானுக்குப் பட்டினிதான். ஆகவே தீவனத்தைப் பல இடங்களில் பிரித்து வைப்பதும், பெரியது நுழைய முடியாத, சிறியது மட்டும் நுழையக்கூடிய வேலிகளை அமைப்பதும், ஒவ்வோர் உயிரையும் அடையாளமறிந்து நாள்தோறும் எண்ணிப்பார்க்கும் ஆட்களை வைப்பதும், பரப்பளவைவிட முக்கியமான காரியங்களாகின்றன.

மற்றொன்று இரவு. நம்மில் யாரும் கேட்காத கேள்வி இது. பூங்கா ஒன்பது மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடினால், பார்வையாளன் காணும் சிங்கம் எட்டு மணிநேரத்துச் சிங்கம். மிகுந்த பதினாறு மணிநேரமும் அது எங்கே இருக்கிறது? பெரும்பாலும், உணவு கொடுத்து அடைத்துவைக்கும் இரவுக் கொட்டடியில். ஓர் இணைப் புலிகளுக்குத் திறந்தவெளி அடைப்பிடம் குறைந்தது 1,000 சதுர மீட்டர் இருக்கவேண்டும் என்று நம் விதிகள் சொல்கின்றன. கொட்டடியோ சில அடிகளில் அடங்கிவிடும். பூனைக்குலத்துப் பிராணிகள் அந்தியிலும் இரவிலும்தான் சுறுசுறுப்பாக இயங்கும் சுபாவமுடையவை. அவை தூங்க விரும்பும் பகல் முழுவதும் காட்டில் விட்டுவிட்டு, உலாவ விரும்பும் இரவு முழுவதும் அறையில் அடைக்கிறோம். இதற்குக் காரணமில்லாமலில்லை. வேலிகளைக் காக்கவும், ஆட்கள் உள்ளே போய்ச் சுத்தம் செய்யவும், ஒவ்வொரு மிருகமும் எவ்வளவு தின்றது என்று பார்க்கவும் கொட்டடி வேண்டியிருக்கிறது. 2021 மே மாத இறுதியில் வண்டலூர் சஃபாரிப் பகுதியில் சில சிங்கங்கள் உணவில் நாட்டமின்றி இருந்ததையும் இடையிடையே இருமியதையும் ஊழியர்கள் கவனித்ததால்தான் அவற்றுக்குக் கொரோனாத் தொற்று என்பது வெளிப்பட்டது. ஜூன் 3 அன்று நீலா என்னும் ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. பல ஏக்கர்க் காட்டில் படுத்திருக்கும் சிங்கத்தின் இருமலை எவர் கேட்டிருப்பார்? கொட்டடியே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கொட்டடிக்கு வெளியே, உயர்ந்த வேலியிட்ட ஒரு முற்றத்தையாவது இரவில் திறந்து வைத்து, உள்ளேயிருப்பதா வெளியே போவதா என்பதை அந்தப் பிராணியின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் அல்லவா என்றே கேட்கிறேன். ஒரு கதவைத் திறந்துவைப்பதற்கு எத்தனை ஹெக்டேர் தேவை?

நகரத்தின் நடுவே இடுக்கில் அமைந்த பூங்காக்களுக்கு விமோசனமே இல்லையா என்றால், சிலவற்றுக்கு இல்லை என்பதுதான் நேர்மையான பதில். கோயம்புத்தூர் வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தை மத்திய ஆணையம் 2022-இல் ரத்துசெய்தது. சில ஏக்கர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளை மகிழ்வித்த இடம் அது. ஊராருக்கு வருத்தம் இருந்தது இயல்பே. என்றாலும் மூடுவதும் ஒரு காருண்யம்தான் என்று நான் நினைக்கிறேன்.

மற்றவை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதில் பெரும்பங்கு பணத்தைச் சார்ந்ததன்று. சோற்றை எப்படிக் கொடுக்கிறோம் என்பதைச் சார்ந்தது. காட்டில் ஒரு கரடி தன் விழித்திருக்கும் பொழுதின் பெரும்பகுதியை உணவு தேடுவதிலேயே கழிக்கிறது. புற்றைத் தோண்டி, மண்ணை ஊதித் தள்ளி, கறையானை உறிஞ்சி, மரத்தில் ஏறித் தேனடையைப் பிய்த்து, அத்தி உதிர்ந்த இடத்தை நினைவில் வைத்திருந்து மறுநாளும் தேடிப் போய், இவ்வளவும் செய்தால்தான் அதற்கு வயிறு நிரம்பும். நாம் அதே உணவைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறோம். கால்மணியில் தின்று முடித்துவிட்டு, மிச்சப் பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் அது தலையாட்டத் தொடங்குகிறது. வேலையற்ற வாழ்வு மனிதனையே கெடுக்கும்போது கரடியைக் கெடுக்காதா? 1970-களில் ஹால் மார்க்கோவிட்ஸ் என்பவர் அமெரிக்காவில் போர்ட்லண்டு நகரப் பூங்காவில், கிப்பன் குரங்குகள் ஓரிடத்தில் நெம்புகோலை இழுத்துவிட்டு, ஊசலாடிக்கொண்டே வேறிடத்துக்குப் போனால் அங்கே உணவு கிடைக்கும்படி ஓர் ஏற்பாடு செய்தார். சும்மா கிடந்த குரங்குகள் உயிர்பெற்று எழுந்தன. அத்தகைய யந்திரங்கள்கூட நமக்கு வேண்டியதில்லை. மரக்கட்டையில் துளைகளிட்டுத் தேன் தடவிவைத்தால் கரடிக்கு அரை நாள் வேலை. இறைச்சியை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் சிறுத்தைக்கு ஏற வேலை. குரங்குகளின் கடலையை வைக்கோலில் உதறிவிட்டால் அவை மாலைவரை பொறுக்கும். கோடையில் வண்டலூரில் கரடிகளுக்குப் பழங்களை உள்ளே வைத்து உறையவைத்த பனிக்கட்டிகளைக் கொடுக்கிறார்கள். பத்திரிகைகள் அதை ஒரு விநோதமாகப் படம்பிடித்துப் போடுகின்றன. வெப்பத்தைத் தணிப்பது அதன் ஒரு பாதி, அந்தப் பழத்தை அடைவதற்குக் கரடி செய்யும் பிரயத்தனம் மறு பாதி என்பதையும் அவை எழுதினால் நன்றாயிருக்கும்.

மருத்துவத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் ஒரு புலிக்கு ஊசி போடவேண்டுமானால் கூண்டுச் சுவரை நெருக்கி அதை நசுக்கிப் பிடிப்பார்கள், அல்லது தூரத்திலிருந்து மயக்கமருந்தைச் சுடுவார்கள். அதன் பிறகு பல நாட்களுக்கு அந்தப் புலி காப்பாளரைக் கண்டாலே சீறும். இப்போது பல நாடுகளில், நாள்தோறும் ஒரு துண்டு இறைச்சியைக் காட்டிப் பழக்கி, புலி தானாகவே கம்பியோரம் வந்து விலாவைச் சாய்த்து நிற்கவும், ஊசியைப் பொறுத்துக்கொள்ளவும், பிடிக்காவிட்டால் விலகிப் போகவும் கற்பிக்கிறார்கள். விலகிப் போகலாம் என்று அதற்குத் தெரிந்திருப்பதால்தான் அது விலகாமல் நிற்கிறது. இந்த நுட்பத்தை நான் படித்து அறிந்த நாளில், சிறைக்குள்ளும் ஒரு ஜீவனை மரியாதையாக நடத்த முடியும் என்னும் நம்பிக்கை எனக்குப் பிறந்தது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு அமிர்தியை நோக்கும்போது, இத்தகைய சிறு மலையடிப் பூங்காவுக்கு வண்டலூருக்கும் வாய்க்காத ஒரு வசதி இருப்பதைக் காண்கிறேன். அதன் வேலிக்கு அப்பால் இருப்பது ஜவ்வாதுக் காடு. உள்ளேயிருக்கும் புள்ளிமான் சுவாசிக்கும் காற்றும், கேட்கும் பறவையொலியும், நனையும் மழையும் வெளியிலுள்ள மானுடையவைதான். தூரதேசத்துப் பிராணிகளைக் கொணர்ந்து வைக்கும் ஆசைக்கு இடங்கொடாமல், இந்த மலையின் ஜீவன்களையே, அவற்றுள்ளும் அடிபட்டுக் காட்டுக்குத் திரும்ப இயலாதவற்றையே வைத்துக் காப்பதும், இருக்கும் சிலவற்றுக்கு இன்னும் மிகுதியான இடத்தையும் மறைவையும் அளிப்பதும் அத்தகைய பூங்காக்களின் தர்மமாயிருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். மலைமேல் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், சாமையும் பலாவும் தேனுமாக இந்தக் காட்டோடு பல தலைமுறைகளாகப் பழகியவர்கள். எந்தக் கிழங்கு எந்தப் பருவத்தில் இறங்கும், எந்தப் பழத்துக்கு எந்தப் பிராணி வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களில் சில பெரியவர்களை உட்காரவைத்து, அடைபட்ட ஒவ்வொரு பிராணிக்கும் மாதவாரியாக என்ன கொடுக்கலாம் என்று கேட்டு எழுதினால், அதைவிட மேலான உணவுப் பட்டியல் எந்த நாட்டுப் புத்தகத்திலும் கிடைக்காது.

பிராணிகளைப்பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் அரைநூற்றாண்டுக்கு மேல் எழுதிய மா. கிருஷ்ணன் அவர்கள் நம் வீட்டுக் கொல்லையில் வரும் பறவையையும் அணிலையும் பொறுமையாகப் பார்த்து எழுதியவர். பொறுமையாகப் பார்ப்பது என்னும் அந்தக் கலையை நம் பள்ளிகள் கற்பித்திருந்தால், முள்ளம்பன்றி வெளியே வரவில்லை என்று எவரும் கல்லைத் தேடமாட்டார்கள். எந்தப் பூங்காவும் தன் வாயிலில் வரும் ஜனங்களின் மனத்தைவிட அதிகத் தூரம் முன்னேற முடியாது. 'பார்ப்பதற்கு ஒன்றுமில்லை' என்று நாம் முணுமுணுத்தால், நாளைக்கு அந்த வளை அடைக்கப்பட்டு, பிராணி வெட்டவெளிக்கு வந்துவிடும். நம்மைத் திருப்திப்படுத்தவே பூங்காவினர் அதைச் செய்வார்கள்.

அன்று அந்தக் குடும்பம் போனபிறகும் என் தங்கை பேத்தி அசையவில்லை. வளைவாயிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏமாற்றத்தில் அழுதுவிடுவாளோ என்று நான் அஞ்சினேன். காப்பாளர் அதைக் கவனித்திருக்கவேண்டும். "பாப்பா, அதைப் பார்க்க முடியாட்டி என்ன, அது செஞ்ச வேலையைப் பாரு" என்று அடைப்பிடத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு மாட்டெலும்பைக் காட்டினார். முள்ளம்பன்றியின் முன்பற்கள் ஓயாது வளர்ந்துகொண்டேயிருக்கும், கடித்துத் தேய்க்க எதுவுமில்லாவிட்டால் அதற்குத் துன்பம், காட்டில் அது செத்த விலங்குகளின் எலும்பைத் தேடிப் போய் வளைக்குள் இழுத்துவந்து கடிக்கும் என்று அவர் சொன்னார். எலும்பின் இரு முனைகளிலும், தச்சன் சிற்றுளியால் செதுக்கியதுபோல, நெருங்கிய இணை இணையான பள்ளங்கள் வரிசையாக ஓடின. சில பழையவை, பழுப்பேறியிருந்தன. ஓரிடத்தில் மட்டும் செதுக்கல் வெள்ளை வெளேரென்று, துகள்கூட உதிராமல் புதிதாக இருந்தது.

"இது நேத்து ராத்திரியா?" என்று கேட்டாள் குழந்தை.

"நேத்து ராத்திரிதான்" என்றார் அவர்.

அவள் கம்பிவலையருகே குந்தி உட்கார்ந்து, அந்த வெள்ளைப் பள்ளங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள்.